பிரசினம் தீர்க்கிறதை வருங்கால வாத்திமாருக்கு எப்பிடிப் படிப்பிக்கிறது? நாலு வழியும் அதுகளின்ர விலையும்

ஆறாம் வகுப்பிலயிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் கணிதம் படிப்பிக்கப் போற ஆசிரிய மாணவருக்குப் பிரசினம் தீர்த்தலை எப்பிடிக் கொண்டுபோறது எண்டு கொஞ்ச நாளா எல்லாப் பக்கத்தாலயும் கேள்வி வருது. விரிவுரைக்குப் புதுசா வந்த ஆக்கள் கேக்கினம், பள்ளிக்கூடத்தில பயிற்சிப் பிள்ளையளைப் பொறுப்பெடுத்துப் பாக்கிற ரீச்சர்மார் கேக்கினம், சில வேளை ஆசிரிய மாணவரே வந்து "சேர், உதை எங்களுக்கு ஆர் படிப்பிக்கப் போகினம்?" எண்டு கேக்கினம். கிடைக்கிறது கொஞ்ச மணித்தியாலம். அதுக்குள்ள போல்யா எண்ட கணிதக்காரரின்ர நாலு படியைச் சொல்லிக் குடுக்கிறதோ, கணக்கைக் குடுத்து அவையையே மண்டையை உடைக்க விடுறதோ, பிள்ளையளின்ர விடைத்தாளைக் கொண்டுவந்து மேசையில போடுறதோ, இல்லாட்டி யப்பான்காரர் செய்யிற பாட ஆய்வோ?

எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் செய்யுங்கோ எண்டு சொல்லிப்போட்டு நான் தப்பலாம். ஆனா கொஞ்சம் கொஞ்சமா செய்து ஒண்டும் ஒட்டாமப் போனதைத்தான் நிறையப் பாத்திருக்கிறன், அதால எது முதல் எது பிறகு எண்டு ஒரு பக்கம் சாய்ஞ்சே எழுதுறன்.

ஒரு விசயத்தை முதலே தெளிவாக்கிப்போடுவம். பத்து வீதக் கழிவு கண்டுபிடிக்கிற முறையைக் காட்டிப்போட்டு அதே மாதிரி இருபது கணக்கு குடுக்கிறது பயிற்சி. அது தேவை, நான் அதுக்கு எதிரியில்லை. செய்யிற ஆளுக்குக் கையில ஆயத்தமா வழி இல்லாத நேரத்திலதான் கணக்கு பிரசினமாகுது. அதால ஒரே கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிரசினமாயும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வெறும் பயிற்சியாயும் இருக்கலாம். பாஸ்ட் பேப்பர் செய்விக்கிறதை இந்த ஒப்பீட்டில ஒரு வழியா நான் சேர்க்காததுக்கும் அதுதான் காரணம், பத்து வருசப் பேப்பரை மூண்டு தரம் செய்து முடிச்ச ஆளுக்கு அதில பிரசினம் எண்டு ஒண்டு மிஞ்சியிராது.

## எதை வைச்சு அளக்கிறது

முதலாவது அளவுகோல், அந்த ஆளின்ர சொந்தக் கணிதம் அசையுதோ எண்டது. லிப்பிங் மா எண்ட ஆய்வாளர் 1999 இல வெளியிட்ட ஆய்வில அமெரிக்காவிலயும் சீனாவிலயும் ஆரம்ப வகுப்பு ஆசிரியரிட்ட ஒண்டே முக்காலை அரையால வகுக்கச் சொல்லியும், அதுக்குப் பொருத்தமா ஒரு கதைக் கணக்கு சொல்லச் சொல்லியும் கேட்டவ. கணக்கைச் செய்ய முயற்சி செய்த 21 அமெரிக்க ஆசிரியரில 9 பேர்தான் சரியா முடிச்சவை, சீன ஆசிரியர் 72 பேரும் சரி. கதைக்கு வரேக்க அமெரிக்கப் பக்கத்தில அர்த்தம் சரியா வாற மாதிரிச் சொன்னது ஒரே ஒராள்.

எங்கட ஆக்களிட்ட இதையே கேட்டுப் பாருங்கோ. விடை மூண்டரை எண்டு டக்கெண்டு வரும், "தலைகீழாக்கிப் பெருக்கு" எண்டதை ரியூசனில வடிவாப் பாடமாக்கியிருக்கினம். கதை சொல்லுங்கோ எண்டால் "ஒண்டே முக்கால் கிலோ மாவை ரெண்டு பேருக்குப் பாதி பாதியாப் பிரிச்சால்" எண்டு தொடங்குவினம். அது ரெண்டால வகுக்கிறது, அரையால இல்லை. ஒண்டே முக்கால் கிலோ மாவை அரைக்கிலோ பையளில போட்டால் எத்தினை பை எண்டதுதான் கதை, அதைச் சொல்லேலாத ஆள் ஏழாம் வகுப்பில பின்ன வகுத்தலைப் படிப்பிக்கப் போறார் எண்டதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ.

ரெண்டாவது அளவுகோலுக்குத்தான் நான் கூட நிறை குடுப்பன். பிள்ளை மாட்டுப்பட்டு நிக்கேக்க இந்த ஆளுக்கு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில நிக்கத் தெரியுமோ? எங்கட பக்கத்தில நல்ல வாத்தி எண்டால் கேட்ட உடன போர்ட்டில செய்து காட்டிற ஆள். பிள்ளை பென்சிலைக் கடிச்சுக்கொண்டு ஒரு நிமிசம் முழுசினால் எங்களுக்குக் கை பரபரக்கும், அந்த ஒரு நிமிசத்துக்குள்ள போய் வழியைச் சொல்லிப்போட்டமெண்டால் அதுக்குப் பிறகு அங்க பிரசினமே இல்லை, மிச்சம் கூட்டல் பெருக்கல்தான்.

மூண்டாவது, 40 நிமிசப் பாடத்தில, நெருக்கி வைச்ச வாங்குகளில இருக்கிற 35, 40 பிள்ளையளோட நிண்டு பிடிக்குமோ. பத்துப் பேர் இருக்கிற செமினார் அறையில அழகா இருக்கிற கனக்க விசயம் எட்டாம் வகுப்பு பி பிரிவில மத்தியானம் ஒரு மணிக்கு உயிர் விட்டிடும்.

நாலாவது செலவு. காசைவிட நேரமும் விரிவுரையாளரின்ர உழைப்பும் பள்ளிக்கூடத்தோட மினக்கெடுறதும்தான் இதில செலவு. ஐஞ்சாவதையும் மறக்கேலாது, ஓ.எல். (இலங்கையில பதினோராம் வகுப்பு முடிவில வாற பொதுச் சோதினை) வந்து எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு போயிடும். முதலாம் பேப்பரின்ர ஏ பகுதியில 25 கேள்வி, ஒவ்வொண்டுக்கும் 2 புள்ளி எண்டு இருக்கேக்க, ஆறாம் வகுப்பிலயே "கெதியா விடைக்கு வா" எண்ட பழக்கம் தொடங்கிடுது. இந்த இழுவையைத் தாங்குமோ எண்டும் பாக்க வேணும்.

## வழி 1: நாலு படியும் உத்தியளும் தனிப் பாடமா

ஹங்கேரியில பிறந்த கணிதக்காரர் ஜோர்ஜ் போல்யா 1945 இல எழுதின சின்னப் புத்தகத்திலயிருந்து வந்த நாலு படி இண்டைக்கு உலகம் முழுக்க ஓடுது: பிரசினத்தை விளங்கு, திட்டம் போடு, திட்டத்தைச் செய், திரும்பிப் பார். இதோட படம் கீறு, அட்டவணை போடு, சின்ன எண்ணில செய்து பார், பின்னுக்கிருந்து வா எண்டு உத்தியளையும் சேர்த்து ஒரு அலகாப் படிப்பிக்கலாம்.

நல்ல பக்கம் இருக்கு, மறைக்கத் தேவையில்லை. செலவு குறைவு, நூறு பேருக்கும் ஒரு மண்டபத்தில சொல்லலாம், ஆசிரிய மாணவருக்கு ஒரு பொதுப் பாஷை கிடைக்குது. "நீ இன்னும் விளங்கிற படியிலதான் நிக்கிறாய், அதுக்குள்ள ஏன் பெருக்கிறாய்?" எண்டு ஒரு பிள்ளையிட்ட சொல்ல ஒரு சொல் வேணும்தானே.

மறைஞ்ச விலை என்னெண்டால், இது சோதினைக் கேள்வியா மாற ரெண்டு மாசம் காணும். "போல்யாவின் நான்கு படிகளைக் குறிப்பிட்டு விளக்குக" எண்டு வரும், எல்லாரும் வடிவா எழுதி மாக்ஸ் எடுப்பினம், அந்த மாக்ஸ் எடுத்த கையாலயே அடுத்த நாள் ஒரு புதுக் கணக்கைப் பாத்திட்டு "இது எந்தச் சமன்பாடு சேர்?" எண்டு கேப்பினம். ஒடியல் கூழுக்கு என்னென்ன போடுறது எண்டு பாடமாக்கின ஆளுக்குக் கூழ் காய்ச்சத் தெரியும் எண்டு நம்புற மாதிரித்தான் இது. அலன் ஷோன்ஃபெல்ட் எண்ட கணிதக் கல்வி ஆய்வாளர் 1985 இல எழுதினதில இதைத்தான் பிடிச்சவர்: "சின்ன எண்ணில செய்து பார்" எண்டது ஒரு உத்தியின்ர பேர் மாதிரித் தெரிஞ்சாலும் அதுக்குள்ள பத்து வேறை வேறை உத்தி ஒளிஞ்சிருக்கு, எந்தக் கணக்கில எதைச் சின்னதாக்கிறது எண்டதைப் பேர் சொல்லித் தராது.

இன்னொரு விலையும் இருக்கு, அது வகுப்பறைக்குப் போன பிறகுதான் தெரியும். "விளங்கு" எண்ட படி பள்ளிக்கூடத்தில மெல்ல மெல்ல "முக்கிய சொல்லுக்குக் கோடு கீறு" எண்டு சுருங்கிப்போகும். "கூட" எண்டால் கூட்டு, "மிச்சம்" எண்டால் கழி. சரி, இந்தக் கணக்கைக் குடுங்கோ: மாலாவிட்ட 12 மாங்காய் இருக்கு, அது ராசனிட்ட இருக்கிறதைவிட 5 கூட, ராசனிட்ட எத்தினை? கோடு கீறின பிள்ளை 17 எண்டு எழுதிப்போட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கும்.

நாலாம் படியைப் பற்றி ஒரு வசனம். திரும்பிப் பார்க்கிறது எப்பவும் மணி அடிக்கிற நேரத்தில வாறதால முதல்ல வெட்டுப்படுறது அதுதான். அதின்ர விளைவைக் காட்ட அமெரிக்காவில 1980களின்ர தொடக்கத்தில வெளிவந்த ஒரு தேசிய மதிப்பீட்டு முடிவு இருக்கு. ஒரு பஸ்ஸில 36 படையாள் போகலாம், 1128 பேருக்கு எத்தினை பஸ் வேணும் எண்டு 13 வயசுப் பிள்ளையளிட்ட கேட்டவை. பத்தில ஏழு பேரளவில வகுத்தலைச் சரியாத்தான் செய்தவை, ஆனா 32 எண்டு எழுதினது 23 வீதம்தான். 29 வீதம் "31 மிச்சம் 12" எண்டு எழுதிவிட்டிருக்கினம். (எங்கட பக்கத்து கொண்டக்டர் எண்டால் அந்தப் பன்னிரண்டு பேரையும் ஃபுட்போர்ட்டில ஏத்திப்போட்டு 31 காணும் எண்டிருப்பார், அது வேறை கதை.)

இந்த வழி எப்ப நல்லது? ஆக்கள் கனபேர், நேரம் சரியான குறைவு, ஆனா வந்திருக்கிற ஆக்களுக்கு ஏற்கெனவே கணிதம் நல்லா வரும் எண்டால். அவை செய்யிறதுக்குப் பேர் வைச்சுக் குடுத்தாலே காணும்.

## வழி 2: அவையையே பிரசினத்தில மாட்டி விடுறது

இதில போதனை குறைவு, கணக்கு கூட. எட்டாம் வகுப்புக் கணிதம் தெரிஞ்சால் தொடலாம், ஆனா உடன முடியாது எண்ட மாதிரி ஒரு பிரசினத்தை எடுத்து ஆசிரிய மாணவரை நாலு நாலு பேராய் இருத்தி விடுறது. விடை சொல்லுறேல்லை.

எப்பிடிப் போகும் எண்டு ஒண்டைக் கிட்டத்திலயிருந்து காட்டுறன். 9 ஐ 4+5 எண்டும் எழுதலாம், 2+3+4 எண்டும் எழுதலாம். 15 ஐ மூண்டு விதமா எழுதலாம். அடுத்தடுத்து வாற இயற்கை எண்களின்ர கூட்டுத்தொகையா எழுதவே ஏலாத எண் இருக்கோ, இருந்தால் எவை?

முதல் பத்து நிமிசத்தில நல்லாப் படிச்ச ஆக்கள் n, n+1 எண்டு அட்சரகணிதத்தில பாய்வினம். 2n+1 வரும், ஒற்றை எண் எல்லாம் சரி எண்டு சந்தோசப்படுவினம், 3n+3 வரும், 4n+6 வரும், பிறகு சூத்திரம் நிறையச் சேர்ந்து கொப்பி நிரம்பும், ஒண்டும் விளங்காது. பக்கத்து மேசையில கணிதம் கொஞ்சம் பயம் எண்டு சொன்ன ஒரு பிள்ளை 1, 2, 3 எண்டு நிரையா எழுதி ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு போகும். "இரட்டை எண் வராது போல" எண்டு ஒராள் சொல்ல, இன்னொராள் 6 ஐக் காட்டும், 1+2+3. 10 வரும், 12 வரும். கடைசியா 1, 2, 4, 8, 16 மட்டும் நிக்கும். அந்த இடத்தில அறையில ஒரு சத்தம் வரும் பாருங்கோ, அதுக்காகத்தான் இந்த வழி.

பிறகு "ஏன்?" எண்டு கேக்க வேணும், கேக்காட்டி அரைவாசிதான். எண்களின்ர எண்ணிக்கை ஒற்றையெண்டால் கூட்டுத்தொகை அந்த எண்ணிக்கையை நடு எண்ணால பெருக்கினது, ஆகவே ஒரு ஒற்றைக் காரணி வந்திட்டுது. எண்ணிக்கை இரட்டையெண்டால் முதல் எண்ணும் கடைசி எண்ணும் சேர்ந்து ஒற்றையாத்தான் வரும், அந்தச் சோடியை எத்தினை தரம் எடுத்தாலும் அந்த ஒற்றைக் காரணி உள்ளுக்க இருக்கும். ரெண்டின்ர வலுக்களுக்கு 1 ஐத் தவிர ஒற்றைக் காரணி கிடையாது. மறுபக்கம் இன்னும் பம்பல்: 14 இல 7 இருக்கு, அப்ப ஏழு எண் வேணும், நடுவில 2. எழுதிப் பாத்தால் -1, 0, 1, 2, 3, 4, 5. முன்னுக்கு நிக்கிற மூண்டும் ஒண்டையொண்டு அழிச்சுக்கொண்டு போக 2+3+4+5 மிஞ்சும். மறை எண்ணை எழுதலாமோ எண்டு பயந்து பயந்து அதை எழுதின ஆள் அண்டைக்கு முழுக்க வேறை ஆளாத்தான் திரிவார்.

நடுவில விரிவுரையாளர் செய்யிற வேலை மேசை மேசையாப் போறது. ஷோன்ஃபெல்ட் தன்ர வகுப்பில கேட்ட மூண்டு கேள்வியும் இதுக்குக் காணும்: இப்ப என்ன செய்யிறீங்கள், ஏன் செய்யிறீங்கள், அது எப்பிடி உதவப்போகுது? மூண்டாவதுக்குப் பதில் இல்லாமல் மூண்டு பக்கம் அட்சரகணிதம் ஓடியிருக்கிறது அப்பதான் அவைக்கே தெரியும்.

அளவுகோலில வைச்சால் முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் இதை அடிக்க வேறை வழியில்லை. தான் மாட்டுப்பட்டு, வெக்கப்பட்டு, பிறகு வெளிய வந்த ஆளுக்குத்தான் பிள்ளையை அந்த இடத்தில கொஞ்ச நேரம் விட்டுவைக்கத் துணிவு வரும்.

இப்ப விலை. ஒண்டு, ஒரு பிரசினத்துக்கு ரெண்டு பாடவேளை போகும், மொடியூலில பத்துத் தலைப்பு இருக்கேக்க இது கையைக் கடிக்கும். ரெண்டு, "சேர் ஒண்டும் படிப்பிக்கேல்லை, கணக்கைத் தந்திட்டு உலாத்துறார்" எண்டு முறைப்பாடு வரும், வராட்டித்தான் அதிசயம். மூண்டு, ஒவ்வொரு குழுவிலயும் ஒரு கெட்டிக்காரப் பெடியன் இருப்பான், ஐஞ்சு நிமிசத்தில விடையைச் சொல்லி மிச்ச மூண்டு பேரின்ர யோசினையையும் கொண்டு போடுவான். அவனை எழுத்தாளனாக்கி விடுங்கோ, மற்றவை சொல்லுறதை எழுதுறது மட்டும்தான் அவனுக்கு வேலை. நாலு, விரிவுரையாளருக்கே தெரியாத வழியில ஆரேனும் வருவினம், அப்ப போர்ட்டுக்கு முன்னால நிண்டு யோசிக்க வேண்டி வரும், எங்கட ஆக்கள் கனபேருக்கு அது மானப் பிரச்சினை.

ஐஞ்சாவதுதான் உண்மையான ஓட்டை: இதை ரசிச்சுச் செய்த ஆள் பள்ளிக்கூடத்துக்குப் போன உடன பழையபடி "முறை இது, எழுதிக்கொள்ளுங்கோ" எண்டு படிப்பிக்கலாம். தான் படிச்ச விதத்துக்கும் படிப்பிக்கிற விதத்துக்கும் நடுவில பாலம் தானா வராது. அதுக்குத்தான் மூண்டாம் வழி.

## வழி 3: பிள்ளையளின்ர விடைத்தாளை நடுவில வைக்கிறது

ஒரு பிரசினம், ஒரு வகுப்பு, முப்பது விடைத்தாள். பேரை மறைச்சுப்போட்டு ஃபோனில படமெடுத்தால் காணும், இதைவிட மலிவான வழி இல்லை.

நான் விரும்பிக் குடுக்கிறது கதியால் (வேலிக்கு நடுற தடி) கணக்கு. நேரா 60 அடி நீள வேலி, 3 அடிக்கு ஒரு கதியால், ரெண்டு அந்தத்திலயும் கதியால் வேணும், மொத்தம் எத்தினை கதியால்? ஏழாம் வகுப்பில 20 எண்டு வாறது கூட, 21 கொஞ்சம், 180 ஒண்டு ரெண்டு, 19 உம் எட்டிப் பாக்கும். ஆசிரிய மாணவர் தாளைக் கண்ட உடன சிவப்புப் பேனையை எடுப்பினம். பேனையை வாங்கி வைச்சிட்டு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கோ: இந்தப் பிள்ளை எதைப் பாத்துக்கொண்டு யோசிச்சிருக்கு? 20 எழுதின பிள்ளை இடைவெளியை எண்ணியிருக்கு, வேலியை மனசில காணேல்லை. 19 எழுதின பிள்ளைக்கு அந்தத்தில ஏதோ விசேசம் இருக்கு எண்டு தெரிஞ்சிருக்கு, ஆனா ஒண்டைக் கூட்டுறதோ கழிக்கிறதோ எண்டதில தடுமாறியிருக்கு. அப்ப 19 ஒரு வகையில 20 ஐ விட முன்னுக்கு நிக்குது. இதை ஒரு ஆசிரிய மாணவி தானாக் கண்டுபிடிச்சுச் சொல்லேக்க புள்ளியிடுற திட்டம் எண்டு அவைக்குள்ள இருந்த ஒண்டு ஆடத் தொடங்கும்.

பிறகு ஒரு அடி மேல: அதே 60 அடி நீளத்தில வளவைச் சுத்தி வாற வேலி எண்டால்? இப்ப 20 தான் சரி. "ஒண்டைக் கூட்டு" எண்டு பாடமாக்கினவர் எல்லாம் இதில விழுவினம், ஆசிரிய மாணவரும் சேர்த்து.

முதல் சொன்ன மாக் கணக்கும் இங்க நல்லா வேலை செய்யும். ஒரு பிள்ளை "3 பை, கால் கிலோ மிச்சம்" எண்டு எழுதியிருந்தால் பிழையோ? ஆசிரிய மாணவர் மூண்டரை இல்லை எண்டு வெட்டுவினம். கால் கிலோவும் அரைப் பையும் ஒண்டுதான் எண்டதை அவை காண எடுக்கிற நேரத்தைப் பாத்தால் ஆருக்குப் பாடம் நடக்குது எண்டு விளங்கும்.

விலை? எங்கட விடைத்தாளில யோசினை தெரியாது, அதுதான் பெரிய கரைச்சல். ரியூசன் பழக்கத்தில செய்கை வழி அச்சடிச்ச மாதிரி இருக்கும், இல்லாட்டி வெறும் விடை இருக்கும். "எப்பிடி யோசிச்சனீர் எண்டு படமாயோ சொல்லாயோ எழுதும்" எண்டு கேள்வியிலேயே கேக்க வேணும், முதல் ரெண்டு தரமும் பிள்ளையள் ஒண்டும் எழுதாயினம், மினக்கெட்டுப் பழக்க வேணும். அடுத்தது, இதை மட்டும் செய்த ஆள் பிழை கண்டுபிடிக்கிறதில விண்ணன் ஆவார், ஆனா அந்தப் பிழையை வைச்சு வகுப்பை எப்பிடி நடத்திறது எண்டு தெரியாமல் நிப்பார். பிள்ளையின்ர பிழையைப் பாத்துச் சிரிக்கிற பழக்கமும் வரலாம், அதை முதல் நாளே நிப்பாட்டிப்போடுங்கோ.

## வழி 4: பாட ஆய்வு

யப்பானில நெடுங்காலமா இருக்கிற முறை, ஆங்கிலம் பேசுற நாடுகளில 1999 க்குப் பிறகுதான் பெரிசாக் கதைபட்டது. நாலைஞ்சு பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைக் கன நாளா யோசிச்சுத் திட்டமிடுவினம், ஒராள் படிப்பிப்பார், மற்றவை ஆசிரியரைப் பாக்காமல் பிள்ளையளைப் பாத்து எழுதுவினம், பிறகு இருந்து கதைச்சுத் திருத்துவினம். அங்கத்தைய கணித வகுப்பு ஒரு பிரசினத்தோட தொடங்கும், பிள்ளையள் தனிய முயற்சி செய்வினம், ஆசிரியர் மேசை மேசையாப் போய் ஆர் என்ன வழியில செய்யினம் எண்டு பாத்து வைப்பார், பிறகு அந்த வழியளைப் போர்ட்டில பக்கத்துப் பக்கத்தில போட்டு ஒப்பிட வைப்பார். இந்த ஒப்பிடுற கட்டத்துக்கு அவை நெரியாகே எண்டு சொல்லுவினம், பாடத்தின்ர உயிரே அதிலதான் இருக்கு. போர்ட்டையும் இடையில அழிக்கிறேல்லை.

40 நிமிசத்துக்கும் 40 பிள்ளையளுக்கும் எப்பிடி எண்ட மூண்டாவது அளவுகோலுக்கு நேரடியாப் பதில் சொல்லுறது இந்த வழி ஒண்டுதான்.

ஆனா இஞ்ச கொண்டுவந்தால் என்ன நடக்கும் எண்டு பாருங்கோ. அதிபரிட்ட அனுமதி, நேரசூசி மாத்திறது, அந்த வகுப்பு ரீச்சருக்குத் தன்ர சிலபஸ் பிந்துது எண்ட கவலை. பாடம் நடக்கிற நாளில பிள்ளையளை முதலே ஆயத்தப்படுத்தி, சுவர் முழுக்க டிமைத் தாள் ஒட்டி, ஒரு கலைவிழா மாதிரி ஆக்கிப்போடுவினம். பிறகு கதைக்க இருந்தால் "மிஸ் நல்லாச் செய்தவ, குரல் வடிவாக் கேட்டது, நேரம்தான் கொஞ்சம் காணாமப் போச்சு" எண்டு முடியும். குறை சொன்னால் ஆளைக் குறை சொன்ன மாதிரி எடுப்பினம் எண்ட பயம், அது எங்கட ஊரில லேசில போகாது. ஒரே ஒரு விதி உதவும்: கதைக்கேக்க எந்தப் பிள்ளை எந்த நிமிசத்தில என்ன எழுதினது எண்டதை மட்டும் சொல்லலாம், ஆசிரியர் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

## ஒரே பார்வையில

| | நாலு படி | தாங்களே மாட்டுப்படுறது | விடைத்தாள் | பாட ஆய்வு |
|---|---|---|---|---|
| சொந்தக் கணிதம் | அசையாது | நல்லா அசையும் | ஓரளவு | கொஞ்சம் |
| பொறுத்து நிக்கப் பழகிறது | இல்லை | ஓம் | ஓரளவு | ஓம், ஆனா பிந்தித்தான் |
| பெரிய வகுப்புக்குத் தோது | பேச்சளவில | பாலம் வேணும் | ஓரளவு | நேரடியா |
| நேரம் | குறைவு | கூட | நடுத்தரம் | சரியான கூட |
| விரிவுரையாளருக்கு | லேசு | மானத்தை விட வேணும் | தாள் சேர்க்கிற வேலை | பள்ளிக்கூடத்தோட அலைச்சல் |
| ஓ.எல். இழுவையைத் தாங்குமோ | சோதினையாவே மாறிடும் | ஆளைப் பொறுத்தது | தாங்கும் | பள்ளிக்கூடத்தைப் பொறுத்தது |

## அப்ப ஆருக்கு எது

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில இருக்கிற தேசிய கல்வியியற் கல்லூரி மாதிரி இடத்தில ஏ.எல். (உயர்தரம்) முடிச்சு வாற இளம் ஆக்கள், ரெண்டு வருசம் உள்ளுக்க இருந்து படிச்சு மூண்டாம் வருசம் பள்ளிக்கூடத்துக்குப் போறவை. அவைக்கு முதல் தவணையிலயே வழி 2. போல்யாவின்ர படியளைத் தொடக்கத்தில சொல்லாதேங்கோ, நாலைஞ்சு பிரசினம் முடிஞ்ச பிறகு "நீங்கள் அண்டைக்குச் செய்தது இதுதான்" எண்டு பேர் வையுங்கோ, அப்ப அந்தச் சொல்லுக்குள்ள அவையின்ர சொந்த அனுபவம் இருக்கும். ரெண்டாம் வருசத்தில விடைத்தாள். பாட ஆய்வை மூண்டாம் வருசத்துக்கு விடுங்கோ, அதுவும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில நிக்கிற மூண்டு பேர் சேர்ந்து தவணைக்கு ஒரு பாடம், அவ்வளவும் காணும்.

ஆசிரியர் கலாசாலைக்குப் பயிற்சிக்கு வாற ஆக்கள் ஏற்கெனவே வகுப்பில நிண்டவை, சில பேர் கன வருசமா. அவையை முதல் நாளே பிரசினத்தில மாட்டி விட்டால் கோவம்தான் வரும், "எங்களுக்குக் கணக்குத் தெரியாது எண்டு காட்டப் பாக்கினம்" எண்டு நினைப்பினம். தங்கட பிள்ளையளின்ர தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கோ, வழி 3 ஆல உள்ளுக்க போய் கதியால் வளவைச் சுத்திற இடத்தில அவை தாங்களே மாட்டுப்படுவினம், அப்ப வழி 2 தானா வந்திடும். கணிதத்துக்குப் பயந்த ஆக்கள் கூட இருக்கிற குழுவுக்கும் இதுதான் வரிசை.

சனி ஞாயிறில பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு வாற கணிதப் பட்டதாரியளுக்கு நேரம் இல்லை, களைச்சுப்போய் வருவினம், கணிதம் காணும். அவைக்கு வழி 1 ஐக் கெதியா முடிச்சுப்போட்டு விடைத்தாளுக்குப் போகலாம். தாங்கள் ஒரு வரியில செய்யிறதைப் பிள்ளை ஏன் காணேல்லை எண்டதுதான் அவையின்ர சிக்கல்.

ஒண்டைத்தான் செய்யலாம், மிச்சத்துக்கு நேரமே இல்லை எண்டால்? இளம் ஆக்களெண்டால் யோசிக்காமல் வழி 2. வகுப்பில நிக்கிற ஆக்களெண்டால் வழி 3. வழி 4 ஐத் தனிய ஒருக்காலும் எடுக்க மாட்டன், சொந்தமா ஒரு பிரசினத்தோட மல்லுக்கட்டாத நாலு பேர் சேர்ந்து திட்டமிட்டால் வாறது வடிவான பாடக்குறிப்பு மட்டும்தான்.

உங்கட இடத்தில இதில ஒண்டுமே நடக்கேல்லை எண்டு எழுதிற ஆசிரிய மாணவருக்கு: ரெண்டு பேர் சேருங்கோ, கிழமைக்கு ஒரு பிரசினம், விடையை ஃபோனில தேடுறேல்லை. ஒராள் செய்யேக்க மற்றாள் வழி 2 இல சொன்ன ஷோன்ஃபெல்டின்ர மூண்டு கேள்வியை மட்டும் கேக்கலாம், வேறை ஒண்டும் சொல்லக்கூடாது. வாயை மூடிக்கொண்டு நிக்கப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

கடைசியா புள்ளி போடுறதைப் பற்றி, ஏனெண்டால் எதைத் தெரிஞ்செடுத்தாலும் புள்ளி எங்க இருக்கோ அங்கதான் ஆக்கள் போவினம். ஒப்படையா ஒரு பிரசினத்தைக் குடுத்து, சரி வராத முயற்சியளையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கோ: எங்க மாட்டுப்பட்டனீங்கள், என்னத்தைக் கண்டு திரும்பினீங்கள், பிறகு எந்தப் பக்கம் போனீங்கள். அதுக்கு விடையைவிடக் கூடப் புள்ளி. அவை பழக்கதோசத்தில வெட்டினது எல்லாத்தையும் டிப்பெக்ஸ் பூசி மறைச்சு, நல்ல பிரதி எடுத்துத்தான் கொண்டு வருவினம். டிப்பெக்ஸ் கண்டால் தாளைத் திருப்பித் தருவன் எண்டு ஒப்படை குடுக்கிற அண்டைக்கே சொல்லிப்போடுங்கோ.